ஏகாம்பரத்தின் மாதச் சந்தா

கட்டைவிரலைச் சட்டைப் பையின் உட்புறத்தில் விட்டுத் துடைத்துக்கொள்கிறார் ஏகாம்பரம். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் உடம்பில் காய்ந்த துணி என்று இருப்பது அந்த ஓர் இடம்தான். ஈர விரலைப் போன் ஏற்றுக்கொள்வதில்லை. துடைத்து ஒருமுறை அழுத்துவார். திறக்கவில்லை என்றால் விரலை வாயால் ஊதிவிட்டு மறுபடி அழுத்துவார். திறந்ததும், தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குப் பக்கத்துச் சிமென்ட் படியில் உட்கார்ந்துவிடுவார். டேங்கில் இருக்கும் தண்ணீர் எங்கள் சம்ப்பில் இறங்கி முடிகிறவரை தலை நிமிராது.

அயனம்பாக்கம் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் அடுக்ககம். ஆனாலும் வெயில் காலம் வந்தால் லாரித் தண்ணீர்தான். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவி சுற்றிச் சுற்றி என் தலையில் வந்து விழுந்த வருடத்திலிருந்து, லாரி வந்தால் கீழே இறங்கி நிற்பது என் வேலை. எனக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிற உத்தியோகம் என்பதால், நான் சும்மா இருப்பதாக இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அபிப்பிராயம்.

ஏகாம்பரம் ஐம்பதை நெருங்குகிற மனிதர். நெடுநெடுவென்ற உயரம், லாரி கேபினில் குனிந்து குனிந்து ஏறி, தரையிலும் அப்படியே நடக்கப் பழகிவிட்டார். வண்டிக்குள் செருப்போடு ஏறமாட்டார். ஓஸ் பைப்பில் மிச்சம் நிற்கிற தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டுதான் ஏறுவார். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோய்க் கொட்டுகிற அவர், தாகத்துக்கு வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார். இந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லையா என்று கேட்டால், உங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

போனில் சினிமா பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தபோது திரையில் ஒரு கொழுத்த கோழி. அதற்கு அவர் தீனி வைத்துக்கொண்டிருந்தார். கோழிக்குப் பின்னால் சின்னதாக ஒரு குளம், ஓட்டு வீடு, பூசணிக் கொடி. தாடி வைத்த ஒரு பொம்மை மனிதன் கையில் பூவாளியோடு நின்றான். அது தாம்தான் என்று வெட்கமில்லாமல் சொன்னார்.

சும்மா கிடைக்கிற விளையாட்டும் இல்லை அது. மாதாமாதம் பணம் கட்டினால்தான் அங்கே நிலம். கட்டுகிறவரை உழலாம், நடலாம், வாத்து வளர்க்கலாம். நிறுத்தினால் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு இடத்தை மட்டமாக்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். விளையாட்டின் பெயரை எழுதி அவர்களுக்கு இனாமாக விளம்பரம் தருவானேன்? ஏகாம்பரம் கட்டுவது இரண்டு பேருக்கு. லோடுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைக்கிற படியில் ஒரு நாள் வருமானம் அதற்கே சரியாகிவிடும்.

அவருடைய முதலாளி சரவணக்குமார் சின்னப் பையன். அப்பாவின் போர்செட்டும் இரண்டு லாரிகளும் கைக்கு வந்தவன். போன் செய்யும்போதெல்லாம் வேலையைச் சொல்வதற்கு முன்னால், “அண்ணாத்தே, கோழி முட்டை உட்டுச்சா?” என்று கேட்பது அவன் வழக்கம். ஏகாம்பரம் அதற்கும் நேர்மையாகப் பதில் சொல்வார்.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. பைசா செலவில்லாத விளையாட்டுகள் நூறு கிடக்கின்றன. இதில் கட்டுகிற பணத்துக்குக் கடைசியில் ஒரு பிடி மண்கூடக் கைக்கு வராது. வாடகைக்கு இருக்கிற பொம்மை வீட்டுக்கு எதற்கு இத்தனை பாடு என்று உபதேசம் செய்தேன். இதைச் சொன்ன நான், இரண்டு சினிமா சேனல்களுக்கும் வேலப்பன்சாவடியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் மாதச் சந்தா கட்டுகிறவன். அந்தக் கூடம் என் பணத்தைத் தவறாமல் பார்க்கிறது, என்னைப் பார்த்து நாளாகிறது. ஏகாம்பரம் முழுக்கக் கேட்டுக்கொண்டார். கோழியை அடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஃப்ரீயா கீறதுல எம் பொண்ணு இல்லியே சார்.”

பெண்ணின் பெயர் அகல்யா. அம்மா லாவண்யாவோடு ஓசூரில், மாமன் வீட்டில் இருக்கிறாள். கணவன் மனைவி பிரிந்து சில வருடங்கள் ஆகின்றன. காரணத்தை ஏகாம்பரம் மென்று விழுங்குவதில்லை. குடித்தாராம், குடித்துவிட்டு ஒருநாள் கை நீட்டினாராம், பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றதாம். அன்றைக்கு மறுநாள் அவர்கள் கிளம்பிப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. யாரும் பார்க்காத வீட்டில் குடிக்காமல் இருந்து என்ன ஆகப்போகிறது என்று அவரே கேட்டுக்கொள்வார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொன்னார்கள். போனார். மைத்துனர் வீட்டு ஹாலில், மைத்துனர் பேப்பர் படிக்கிற நாற்காலிக்கு எதிரே, அப்பாவும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வாயே திறக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதமும் அப்படியே. கிளம்புகிற நேரத்தில், வேறு பேச்சு கிடைக்காமல், அது என்னம்மா என்று கேட்டிருக்கிறார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அதில் அவளுடைய வீடு, அவளுடைய குளம்.

மறு வாரமே அவளுக்குப் பக்கத்து மனையை இவர் வாங்கிவிட்டார். இரண்டு பேர் சந்தாவையும் தாமே கட்டுவதாகச் சொன்னார். லாவண்யா சரி என்று சொல்லவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நேரில் பேசாத பெண் அங்கே பேசினாள். ஆள் உள்ளே இருந்தால் அந்த வீட்டு வாசலில் ஒரு விளக்கு எரியும். பள்ளிக்கூடம் விட்டு அவள் விளக்கு எரிகிற நேரத்துக்கு ஏகாம்பரம் எங்காவது லோடு இறக்குகிற மாதிரி பார்த்துக்கொள்வார். அவள் எழுதுவதை எழுத்துக்கூட்டி, உதடு அசையப் படிப்பார். ஓசூர் போனபின் அவள் ‘இன்னாப்பா’ என்பதை விட்டு ‘என்னப்பா’ என்று எழுதுவதைக் கவனித்து என்னிடம் சொன்னார், புகாராகச் சொல்லவில்லை. ஒருநாள் போனை என்னிடம் நீட்டினார். வகுப்பில் மிஸ் எல்லோருக்கும் முன்னால் திட்டிவிட்டார்கள் என்று அவள் எழுதியிருந்தாள். என்ன பதில் எழுதலாம் என்று கேட்டார். நான் தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று ஏதோ எடுத்துவிட்டேன். அவர் அதில் ஒரு சொல்லைக்கூட எழுதவில்லை. தாடிக்காரப் பொம்மையை நடத்திக்கொண்டுபோய், குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த சிறுமிப் பொம்மைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். தண்ணீர் இறங்கி முடிகிறவரை இரண்டு பொம்மைகளும் அப்படியே இருந்தன. சந்தாவைப் பற்றி அன்றைக்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமைப் பயணமும் மெல்ல நின்றுபோயிற்று. வீட்டுக்கு வர வேண்டாம்ப்பா, மாமா உட்கார்ந்திருப்பார், நாம் இங்கேயே பேசிக்கொள்ளலாம் என்று அவளே எழுதியிருந்தாள். ஏகாம்பரத்துக்கு அதில் சந்தோஷம். அந்த ஹால் நாற்காலியிலிருந்து தப்பித்தோம் என்றிருந்தது அவருக்கு.

தன் நிலத்தில் வேலை செய்ய அப்பாவுக்கு அவள் அனுமதி கொடுத்திருந்தாள். அதுதான் வினையாக முடிந்தது.

அந்த விளையாட்டில் அறுவடைத் திருவிழா என்று ஒன்று நடத்துவார்கள். அதற்காக அவளும் பள்ளித் தோழிகளும் சேர்ந்து அவள் மனையில் ஒரு புது வகை நெல்லை விதைத்திருந்தார்கள். கிடைப்பதற்கு அரிய விதை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது. ஒருநாள் எங்கள் சம்ப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து ஏகாம்பரம் உள்ளே போகிறார். பாத்தி முழுக்கப் பச்சைப் பசேலென்று நெருக்கமாக முளைத்து நிற்கிறது.

ஏகாம்பரம் இந்த ஊர்க்காரர். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வயலில் இறங்கி நாற்றுப் பறித்துக் கொடுத்துவிட்டுப் போன குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, அந்தப் பணம் தங்கைகளின் கல்யாணத்தில் கரைந்தது. அதில் அவருக்குப் பெரிய வருத்தமெல்லாம் கிடையாது. சேற்றுப் புண்ணைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். ஆனால் நெருங்கி நிற்கிற நெல் நாற்றைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பறித்து, பிடி பிடியாக முடி கட்டி, இடம் விட்டு நட வேண்டும். பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, அவள் வருவதற்குள் நட்டு முடித்துவிடலாம் என்று பறிக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஏதோ இங்கிலீஷில் கேட்டது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் வேலை நடக்கும் என்பது அவர் பழகிய பாடம். ஒன்று விடாமல் அழுத்தினார்.

அந்த விளையாட்டைச் செய்தவன் நாற்று நடவைக் கண்ணால் கண்டவனில்லை. அங்கே விதைத்தது விதைத்த இடத்திலேயே விளையும். பறித்தால் போச்சு. நடுவதற்காகப் பொம்மையின் பையைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை.

நான் பார்த்தது சம்ப் நிரம்பி வழிந்து, தண்ணீர் கார் நிறுத்துமிடம் முழுக்க ஓடியதைத்தான். வால்வை மூடாமல் என்ன செய்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பாதம் நனைய உட்கார்ந்து, வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அகல்யா, “ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?” என்று ஒரே ஒரு வரி எழுதினாள். பிறகு அவள் வீட்டு வாசலில் விளக்கு எரியவில்லை.

நாற்றைத் திருப்பித் தரச் சொல்லி கம்பெனிக்கு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். எழுதினேன். இத்தனை வருட உத்தியோகத்தில் நான் எழுதிய கடிதங்களிலேயே விசித்திரமானது அதுதான். நெல்லை நாற்றங்காலில் விட்டுப் பிறகு பறித்து நடுவது எங்கள் பக்கத்து வழக்கம், இவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று கடல் கடந்த யாரோ ஒருவருக்கு இங்கிலீஷில் விளக்கினேன். பதில் உடனே வந்தது. மனிதர் எழுதியதில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அனுமதி பெற்றவரே செய்த காரியத்தை மாற்ற இயலாதாம், வருந்துகிறார்களாம். கூடவே, ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டாம். “இன்னா சார் சொல்றான்?” என்றார். வருந்துவதை மட்டும் மொழிபெயர்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு குடும்பம் நடத்தினார். தம் கோழிகளைக் கவனித்துவிட்டு அவள் கோழிகளுக்குத் தீனி வைப்பார். வைக்காவிட்டால் அவை சீக்குப் பிடித்துச் சுருண்டுவிடும். தம் வாத்துகளையும் பூசணியையும் ஒவ்வொன்றாக விற்று அதே நெல் விதையை வாங்கினார். அவள் பாத்தியில் விதைத்தார். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி அவள் வாசல் பலகையில் ஒட்டினார். அந்த நாலு வரியை எழுதப் பல லோடுகள் பிடித்தன. நாற்றென்று நினைத்துப் பறித்துவிட்டேன், மறுபடி விதைத்திருக்கிறேன், வந்து பார் என்பதுதான் விஷயம். அந்த நாட்களில் அவரிடம் ஒருவிதச் சுறுசுறுப்புகூட இருந்தது. பெண் கோபமாக இருக்கிறாள். நாற்று வளர்ந்துவிட்டால் கோபம் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

நாற்று வளர்ந்தது, விளக்குதான் எரியவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை லாரியை இன்னொரு டிரைவரிடம் விட்டுவிட்டு, பூந்தமல்லியில் பஸ் ஏறி ஓசூருக்குப் போய்வந்தார்.

அடுத்த லோடு வந்தபோது போனை வெளியே எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். அவள் வளர்ந்துவிட்டாளாம். முகம் கொடுத்து நன்றாகப் பேசினாளாம். டவரா செட்டில் காப்பியும் தட்டில் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாளாம், வெளி ஆளுக்கு வைப்பதுபோல. இவர் பஸ்ஸில் வழியெல்லாம் சேர்த்து வைத்ததை எடுத்து, அந்த நாற்றை நான் வேண்டுமென்று பறிக்கவில்லையம்மா என்று ஆரம்பித்திருக்கிறார்.

“‘எந்த நாத்துப்பா’ன்றா சார்.”

இதைச் சொல்லிவிட்டு ஓஸ் பைப்பின் வாயை, தேவையே இல்லாமல், இடம் மாற்றி வைத்தார். மெல்ல மெல்ல மீதியையும் சொன்னார். அவளுக்கு ஞாபகம் வந்ததாம், வந்ததும் சிரித்தாளாம். அன்றைக்குக் கொஞ்சம் கடுப்பாக இருந்தது, அவ்வளவுதான் என்றாளாம். தோழிகளெல்லாம் அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போய்விட்டார்கள், இவளும் போய்விட்டாள். போன இடம் இலவசம்தான். பத்தாம் வகுப்பு வேறு வருகிறது, டியூஷனுக்கே நேரம் சரியாக இருக்கிறது. நீங்கள் இன்னுமா அதை ஆடுகிறீர்கள் என்று ஆச்சரியப்பட்டாளாம். காசு வேஸ்ட்ப்பா, நிறுத்திவிடுங்கள் என்றாளாம். அந்தப் புது விளையாட்டுக்கு நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அது துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு, உங்களுக்கு வராது என்று அன்பாகவே சொல்லியிருக்கிறாள். பிறகு டியூஷனுக்கு நேரமாகிவிட்டது.

கோபம் இல்லை என்பது நல்ல சேதிதானே என்று ஆறுதலாக ஏதோ சொன்னேன். எனக்கே அது வாய்ச்சொல்லாகத்தான் பட்டது.

“கோவமா இருந்தாலாச்சும் ஒருநாளு வந்துருப்பா சார்,” என்றார். “இப்ப எதுக்கு வரப்போறா, சொல்லு?”

சித்திரை வெயில் உச்சியில் இருந்தது. கட்டடத்தில் யாரோ மேலிருந்து தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். நான் வந்துவிட்டது என்றேன். ஏகாம்பரம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் கொடுத்தார். சந்தா முடிகிறதென்று அறிவிப்பு வந்திருந்தது. இரண்டு பேருக்கும் நீட்டிக்கவா, ஒருவருக்கு மட்டுமா என்று கேட்டிருந்தார்கள். அவளுடையதையாவது நிறுத்திவிடலாமே என்றேன். நிறுத்தினால் அந்த வீடு என்ன ஆகும் என்று கேட்டார். அவருக்குத் தெரியும், இருந்தாலும் நான் படித்துச் சொல்ல வேண்டும்போலிருந்தது. படித்தேன். கொஞ்ச நாள் வைத்திருந்து, எல்லாவற்றையும் அகற்றி, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றேன்.

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் குனிந்து பார்த்தேன். விளக்கு எரியாத வாசல். அதில் அவர் ஒட்டிய நாலு வரி அப்படியே இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் பாத்தி. நெல் நெருக்கமாக, இடைவெளியே இல்லாமல் கழுத்து உயரத்துக்கு நின்றது. தாடிக்காரப் பொம்மை வரப்பு ஓரம்வரை போய் நின்றுகொண்டது.

“புடுங்காம உட்டு வைக்கறதுதான் சார் கஷ்டமா கீது. கை துறுதுறுன்னுது.”

டேங்க் காலியாகி, ஓஸில் தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. வழக்கமாக அந்தத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொள்கிறவர், எழுந்திருக்கவில்லை. அறிவிப்பை மறுபடி எடுத்தார். இரண்டு பேர் என்பதைத் தொட்டார். விரல் வைக்கச் சொல்லிக் கேட்டது. வைத்தார், ஏற்கவில்லை. கட்டைவிரலைச் சட்டைப் பையின் உட்புறத்தில் விட்டு, இந்த முறை வெகுநேரம் துடைத்தார். வெளியே எடுத்து, வாயருகே கொண்டுபோய் மெதுவாக ஊதிவிட்டு, மறுபடி வைத்து அழுத்தினார்.